கர்சன்பாய் மேலிருந்து அடித்த நான்கு இன்சர்ட்டுகள்

கர்சன்பாய் நகும் தன் வருங்காலச் சம்பந்தியை வேண்டுமென்றே ஊஞ்சலிலிருந்து விழவைத்தார் என்று ஜாம்நகர் சங்கர் டேக்ரியில் ஒரு பேச்சு கிளம்பியது. எனக்கு அதைச் சொன்னவர், காரச் சோமாசி மாதிரியான குக்ரா விற்பவர். நான்கு குக்ராவைப் பிய்த்து, சட்னியை ஊற்றி, மேலே சேவ் தூவிக் கொடுப்பதற்குள் முழுக்கதையையும் சொல்லி முடித்துவிட்டார்.

"கையால தள்ளலைங்க. அவரு தகுதிக்குக் கையாலயா தள்ளுவாரு? நாலே நாலு இன்சர்ட்டு. தொண்ணூறு கிலோ ஏறினா கழண்டுக்கற மாதிரி கணக்குப் போட்டு வச்சிருக்காரு."

"எதுக்காம்?"

"சம்பந்தம் பிடிக்கல. வாயால சொன்னா மரியாதையா இருக்காதே."

விசாரித்துப் பார்த்ததில் கதை பல அளவுகளில் கிடைத்தது. டீக்கடையில் எண்பத்தைந்து கிலோ. வங்கி வரிசையில் நூறு. அனுமார் கோயில் வாசலில் ஒருவர், குறி மாப்பிள்ளைக்குத்தான் வைக்கப்பட்டது, அப்பா வந்து அவசரப்பட்டு உட்கார்ந்துவிட்டார் என்றார். எடையில்தான் தகராறு. வேண்டுமென்றே செய்தது என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. காரணம் எளிது. முப்பத்தோரு வருடம் இன்சர்ட் கடைந்த மனிதர் நான்கு இன்சர்ட்டைத் தப்பாக மாட்டுவாரா? மாட்டமாட்டார். அப்படியானால் தெரிந்தேதான் மாட்டியிருக்கிறார். இந்தத் தர்க்கத்தில் ஓர் ஓட்டையும் இல்லை. ஓட்டைகள் ஊஞ்சல் பலகையில் இருந்தன.

அந்தப் பலகை அப்போது ஜீவராஜ் மிஸ்திரியின் தச்சுப்பட்டறையில், சுவரோடு சாய்த்துவைக்கப்பட்டிருந்தது. கர்சன்பாய் வீட்டுக்கு அடுத்த சந்து, அவர் தினமும் வேலைக்குப் போகும் வழி. ஜீவராஜ் பார்ப்பதற்குச் சண்டைக்காரர் மாதிரி இருப்பார், பழகினால் அது உறுதியாகும்.

"வா, நீயும் பார்த்துட்டுப் போ," என்றார். "இது வரைக்கும் பதினோரு பேரு வந்து பார்த்தாச்சு. டிக்கெட்டு போட்டிருக்கலாம்."

பலகையின் வலப்பக்கத்து இரண்டு மூலைகளிலும் மரம் கிழிந்து, பல் பிடுங்கின ஈறு மாதிரி இருந்தது. இடப்பக்கத்து இரண்டு மூலைகளிலும் பித்தளை இன்னும் பதிந்தே இருந்தது, தங்கம் மாதிரி மின்னிக்கொண்டு. ஜீவராஜ் ஒரு திருப்புளியால் அதைத் தட்டினார்.

"எப்படி இருக்கு? நகைக்கடையில வைக்கலாம். அவ்வளவு சுத்தமான வேலை. ஆனா மேலேருந்து அடிச்சிருக்காரு. தொங்கவிடற கம்பி மேல இழுக்குது, இது மேலேருந்து இறங்கினது. எந்த வழியா போச்சோ அந்த வழியாவே வந்துருச்சு. அதுக்கு என்ன பெரிய கணக்கு வேண்டிக்கிடக்கு?"

"பின்னே எப்படிப் போடணும்?"

"அடியிலேருந்து. விளிம்பு மாதிரி காலர் வச்ச பீஸா போட்டா, பாரம் ஏற ஏற அது மரத்தைக் கவ்விக்கிட்டே போகும். பத்து யானை உட்காரலாம். இன்னொண்ணு, இவரு போட்டது பிளாஸ்டிக்குக்கு. வெளிப்பக்கம் பாரு, சின்னச் சின்னக் கட்டமா சொரசொரப்பு. சூடு காட்டினா பிளாஸ்டிக் உருகி அந்தச் சொரசொரப்புக்குள்ள போய்ப் பிடிச்சுக்கும். மரம் உருகுமா? மரத்துக்கு வெளியிலயும் மரை வேணும், திருகி இறக்கணும். இது சுத்தியால அடிச்சது."

"இதெல்லாம் அவருக்குத் தெரியாதா?"

ஜீவராஜ் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதைத்தான் ஊரே நம்ப மாட்டேங்குது."

இன்சர்ட் என்பது விரல் நுனி அளவுக்கு ஒரு பித்தளைக் குழாய். உள்ளே மரை. திருகாணியைத் தாங்கும் வலு இல்லாத மெத்தென்ற பொருள்களில், பிளாஸ்டிக்கிலோ மரத்திலோ, இதைப் பதித்துவிட்டால் பிறகு ஆணியை எத்தனை முறை கழற்றினாலும் மாட்டினாலும் அந்தப் பொருள் புண்படாது. உங்கள் வீட்டு மிக்சியில், மீட்டர் பெட்டியில், பிள்ளையின் பொம்மையில் எங்கோ ஒளிந்துகொண்டு இருக்கும். அது ஜாம்நகரிலிருந்து வந்ததாக இருக்கச் சாத்தியம் நிறைய. இங்கே தெருவில் நடந்தால் செருப்பில் பித்தளைச் சுருள் குத்திக்கொண்டு வரும்.

கர்சன்பாய் லால்பூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எட்டாம் வகுப்போடு வந்தவர். சில காலம் இங்கும் அங்கும் கூலி வேலை. பிறகு ரமணிக்பாயின் ஷெட்டில் சேர்ந்தார், அங்கேயே முப்பத்தோரு வருடம். நான்கு தானியங்கி லேத்துகளுக்கும் கருவி பொருத்தி அளவு வைக்கிற செட்டர் அவர்தான். கருவி மழுங்குவதை மற்றவர்கள் கண்ணாடி போட்டுப் பார்ப்பார்கள். இவர் கழிவறையில் இருந்துகொண்டே, "மூணாம் நம்பர்ல வெட்டு சரியில்ல, நிறுத்து" என்று குரல் கொடுப்பார். நிறுத்திப் பார்த்தால் அவர் சொன்னது சரியாக இருக்கும், அதாவது வெட்டு சரியில்லாமல் இருக்கும். ஒரு பீஸை எடுத்துக் கட்டைவிரல் நகத்தில் உருட்டி, தலைமுடிப் பருமனில் பாதி கூடுதல் என்பார். அளவுக்கருவியும் அதையே சொல்லும். இதில் யாருக்கும் வாதம் இல்லை. எனக்கும் இல்லை.

ஆனால் அந்த முப்பத்தோரு வருடத்தில் ஓர் இன்சர்ட் தன் இடத்தில் போய் உட்காருவதை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. படம் வரும், அளவு வரும், எத்தனை கிலோ என்று வரும். மூட்டை கட்டிப் போகும். பிரசவ ஆஸ்பத்திரி ஆயாவுக்குப் பிள்ளைகள் வெளியே போய் என்ன ஆனார்கள் என்று தெரிவதில்லையே, அப்படித்தான். "இது எங்கே போய் மாட்டும்?" என்று கேட்பது புதிதாகச் சேர்ந்தவனின் லட்சணம். மூன்றாவது மாதம் அவனும் கேட்பதை நிறுத்திவிடுவான். கர்சன்பாய் இரண்டாவது மாதமே நிறுத்தியிருப்பார் என்று நினைக்கிறேன்.

வெளியில் நிலைமை வேறு. தெருவில் யார் வீட்டில் எது கழன்றாலும் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். தையல் மிஷின் மூடி, பள்ளிக்கூட மேசை, ஸ்கூட்டரின் பக்கவாட்டுத் தகடு. கையில் வாங்கித் திருப்பிப் பார்ப்பார். "இதுக்கு நாலு எம்எம் போதும்" என்று சட்டைப்பையிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கொடுப்பார். இலவசம். அவர்கள் வீட்டுக்குப் போய் எப்படியோ மாட்டிக்கொள்வார்கள். மாட்டித் தரும்படி எவரும் கேட்டதில்லை. அவ்வளவு பெரிய மனிதரிடம் அவ்வளவு சின்ன வேலையைச் சொல்ல முடியுமா?

இந்த மரியாதை அவருக்குப் பிடித்திருந்தது. இதைக் குற்றம் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அவர் மனைவி ரசீலாபென் கல்யாணமான நாளிலிருந்து ஊஞ்சல் கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் வாடகை வீடு, தகரக் கூரை. பிறகு சொந்த வீடு, கான்கிரீட் தளத்தில் நான்கு கொக்கிகளும் போட்டாயிற்று. கொக்கிகளில் பத்து வருடம் கொசுவலையும், ஒரு சமயம் வாழைத்தாரும் தொங்கின. மகள் ஜாக்ருதிக்கு த்ரோல் ஊர் விதை வியாபாரி தாமஜிபாயின் மகன் பராக்கைப் பேசி முடித்து, வசந்த பஞ்சமியன்று நிச்சயதார்த்தத்துக்கு வெல்லமும் தனியாவும் மாற்றிக்கொள்வது என்று ஆனபோதுதான் ரசீலாபென் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"பையனோட அப்பா வர்றாரு. அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியிலயா உட்கார வைப்பீங்க? ஊஞ்சல் இல்லாத வீட்டுக்கு நான் அவங்களைக் கூப்பிட மாட்டேன். நீங்களே அவங்களோட ஷெட்டுல உட்கார்ந்து வெல்லமும் தனியாவும் மெல்லுங்க."

பலகையை ஜீவராஜ்தான் போய்ப் பார்த்து வாங்கிக் கொடுத்தார். வழக்கமான முறை, பலகையில் முழுத்துளை போட்டு, கம்பியின் நுனியை அடியில் விட்டு நட்டு முடுக்குவது. குஜராத்தில் ஊஞ்சல் ஆடத் தொடங்கிய காலத்திலிருந்து அப்படித்தான். நான் வந்து போட்டுத் தருகிறேன் என்று ஜீவராஜ் சொன்னார்.

"என் வீட்டு ஊஞ்சல்ல நட்டு தெரியணுமா?" என்றார் கர்சன்பாய். "நான் யாருன்னு நினைச்சுப் பேசற, ஜீவராஜ்?"

"தெரியாம சொல்லிட்டேன் பாய். நட்டு தெரிஞ்சா பெண்ணை வேண்டாம்னுடுவாங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்குப் போய், தன் கையால் நான்கு பெரிய இன்சர்ட் கடைந்து எடுத்துவந்தார். கம்பியின் நுனியில் மரை வெட்டினார். பலகையில் மேலிருந்து பாதித் துளை போட்டு, இன்சர்ட்டை மரச்சுத்தியால் அடித்து இறக்கினார். கம்பியைத் திருகினார். நட்டு இல்லை, கீழே தடவினால் வழவழவென்று பலகை. மோதிரத்தில் கல் பதித்த மாதிரி இருந்தது என்று ரசீலாபென் இன்றைக்கும் சொல்கிறார். அவரும் கணவரும் மகளும் தனித்தனியாக உட்கார்ந்து ஆடிப் பார்த்தார்கள். மூன்று பேருமே ஒல்லி.

வசந்த பஞ்சமியன்று தாமஜிபாய் வந்தார். விதை வியாபாரம் உடம்புக்கு ஒத்துக்கொண்ட மனிதர். ஊஞ்சலில் உட்கார்ந்து சாசரில் தேநீரை ஊற்றிக்கொண்டு, காலால் லேசாக ஒரு உந்து உந்தினார். இரண்டாவது உந்து. மூன்றாவதில், சோடா மூடி திறக்கிற சத்தம் இரண்டு கேட்டது. வலப்பக்கம் இறங்கியது, அவரும் அதோடு வழுக்கிக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்தார். வால் எலும்பில் விரிசல். அது பிறகு தெரிந்தது.

அந்த நிமிடத்தில் அவருக்கு வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம். சாசர் இன்னும் கையிலேயே இருந்தது. சுற்றி முப்பது பேர் நின்றார்கள். தாமஜிபாய் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"என்ன சம்பந்தி, வந்ததும் வராததுமா இறக்கி விட்டுட்டீங்க?"

இதைவிடப் பெரிய கதவை ஒரு மனிதருக்கு இன்னொரு மனிதர் திறந்துவிட முடியாது. "தப்பா மாட்டிட்டேன் சம்பந்தி" என்று ஒரு வாக்கியம். எல்லோரும் சிரித்திருப்பார்கள். கல்யாணத்தில் பாட்டாகவே கட்டிப் பாடியிருப்பார்கள்.

கர்சன்பாய், "மரம் சரியில்ல" என்றார்.

கூட்டத்தில் நின்றுகொண்டிருந்த ஜீவராஜ் தன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் ஷெட்டில் மற்றவர்கள் விடவில்லை. மரம் சரியில்லை என்பது அவர்களுக்கு ருசிக்கவில்லை. ஒருவன் கேட்டான், "மரம் மோசம்னு உங்களுக்குத் தெரியாமப் போகுமா காகா? எத்தனை கிலோ தாங்கும்னு போட்டீங்க?"

"எண்பது," என்றார் கர்சன்பாய். அப்படி ஒரு கணக்கே அவர் போட்டிருக்கவில்லை. கேட்டதற்கு ஓர் எண்ணைச் சொல்லிப் பழக்கம், அவ்வளவுதான்.

"சம்பந்தி எத்தனை இருப்பாரு?"

"நீதான் பார்த்தியே."

"அப்போ தெரிஞ்சே உட்கார வச்சீங்களா?"

கர்சன்பாய் சிரித்தார். வாய் திறக்காத சிரிப்பு. நான்கு லேத்தும் நின்று, எல்லோரும் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஷெட்டின் சரக்கை ஏற்றிக்கொண்டு அன்று மாலை கிளம்பிய டெம்போ, ராஜ்கோட் போகும் வழியில் த்ரோலில் தேநீருக்கு நின்றது. சிரிப்பும் எண்பது கிலோவும் அங்கே இறங்கிக்கொண்டன.

த்ரோலிலிருந்து தொலைபேசி வரவில்லை. பராக்கும் ஜாக்ருதியும் இரு வீட்டுச் சம்மதத்தோடு தினமும் பேசிக்கொண்டிருந்தவர்கள். அதுவும் ஒரு வாரத்தில் குறைந்து, இரண்டாவது வாரத்தில் நின்றது. கர்சன்பாய் தாமும் பேசவில்லை. பேசினால் என்ன சொல்வது? வேண்டுமென்றே செய்யவில்லை என்றால், பின்னே எப்படி என்பார்கள். தெரியவில்லை என்றால், முப்பத்தோரு வருடம் என்ன செய்தாய் என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஐம்பது நாள் போயிற்று.

ஜாக்ருதி ஒரு நாள் நேராக ஜீவராஜின் பட்டறைக்குப் போய்ப் பலகையைப் பார்த்தாள். ஹோலி முடிந்த இரண்டாவது வாரம். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் நடந்த பேச்சை ரசீலாபென்தான் எனக்குச் சொன்னார்.

"பப்பா, உங்களுக்கு அதை மாட்டத் தெரியாது. அவ்வளவுதானே?"

"யாரு சொன்னது? அந்தத் தச்சனா?"

"பலகை சொல்லுது. தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லுங்களேன். எனக்கும்தான் ரொட்டி வட்டமா வராது. அதுக்காகச் செத்தா போயிட்டேன்?"

"நீ சின்னப் பொண்ணு. அது உனக்கு வேற."

"எனக்குப் பராக்கைப் பிடிச்சிருக்கு பப்பா. நான் இதை அம்மாகிட்டகூடச் சொன்னதில்ல. இப்போ உங்ககிட்ட சொல்றேன். எனக்கு இது எவ்வளவு வெட்கமா இருக்குன்னு பாருங்க. நான் சொல்லிட்டேன். இப்போ உங்க முறை."

மறுநாளே கர்சன்பாய் த்ரோலுக்குப் பேருந்து ஏறினார். இந்த இடத்தில் அவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லவேண்டும். போனார், சொன்னார். சுற்றி வளைக்காமல் சொன்னார். தாமஜிபாய் நடுவில் ஓட்டை போட்ட ஒரு மெத்தையில் உட்கார்ந்திருந்தார்.

"சம்பந்தி, எனக்கு மாட்டத் தெரியாது. வாழ்க்கையில அதுதான் முதல் தடவை. மேலேருந்து அடிச்சுட்டேன்."

தாமஜிபாய் மெத்தையே குலுங்கும்படி சிரித்தார். சிரித்ததில் வலித்து, "அம்மாடி" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"இதைத் தரையில உட்கார்ந்திருந்தப்பவே சொல்லியிருந்தீங்கன்னா, இந்நேரம் பத்திரிகை அடிச்சிருப்போம். நான் உங்களை நம்பறேன். ஆனா நான் நம்பினா போதுமா? என் அண்ணன் தம்பி நாலு பேரு. கடைக்கு வர்ற விவசாயி ஒவ்வொருத்தனும், விதை வாங்குறானோ இல்லையோ, எண்பது கிலோ கதையைக் கேட்டுட்டுப் போறான். விருந்தாளியைத் திட்டம் போட்டுக் கவுத்த மனுஷன் வீட்டுப் பொண்ணு எதுக்குன்னு வீட்டுல கேட்கறாங்க."

"நான் வந்து அவங்ககிட்டயும் சொல்றேன்."

"இங்க சொல்லி என்ன? சமாதானத்துக்குச் சொல்றீங்கன்னுதான் நினைப்பாங்க. உங்க ஷெட்டுலதானே கிளம்பிச்சு, அங்கேயே போய்ச் சொல்லுங்க. நாலு பேரு முன்னாடி சொல்லுங்க. அந்த டெம்போக்காரனே இங்க கொண்டுவந்து இறக்கிடுவான். ராம நவமியன்னிக்கு மோர்பியில ஒரு பொண்ணு பார்க்கப் போகணும்னு அண்ணன் நாள் குறிச்சிருக்காரு. அதுக்கு முன்னாடி கதை மாறி வந்துச்சுன்னா, மோர்பிப் பயணத்தை நானே நிறுத்தறேன். இது என் வார்த்தை."

ராம நவமிக்குப் பத்து நாள் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம். அதையும் அவர் ஏற்கனவே ஒருமுறை சொல்லிப் பழகியாயிற்று.

முதல் ஐந்து நாள் ஷெட்டில் வேலை நெருக்கடி என்றார். ஆறாம் நாள் இரண்டு பேர் விடுப்பு, எல்லோரும் இருக்கும்போது சொல்வதுதானே முறை என்றார். எட்டாம் நாள், சனிக்கிழமை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஜாக்ருதி கேட்டாள், "இன்னைக்கா பப்பா?"

"இன்னைக்கு."

நான்கு மணித் தேநீர் வந்தது. கர்சன்பாய் எழுந்து, தானே போய் நான்கு லேத்துகளையும் நிறுத்தினார். அவர் நிறுத்தினால் ஏதோ விஷயம் என்று எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். டெம்போ ஓட்டுநரும் இருந்தார். கர்சன்பாய் தொண்டையைச் செருமினார். அங்கே இருந்த மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டுவிட்டேன், மூவரும் சொல்கிறார்கள், அவர் வாயைத் திறந்தார். "அந்த ஊஞ்சல் விஷயம்" என்பது வரை வந்தது.

அப்போது முதலாளி ரமணிக்பாய் இரண்டு விருந்தினர்களோடு உள்ளே நுழைந்தார். கோயம்புத்தூர்க்காரர்கள், மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி செய்கிறவர்கள். "எல்லாரும் இங்கயே இருக்கீங்களா, நல்லதாப் போச்சு. இவருதான் எங்க கர்சன்பாய். இன்சர்ட்டைப் பத்தி இவருக்குத் தெரியாதது ஒண்ணும் கிடையாது. கேளுங்க, கேளுங்க," என்றார்.

வந்தவர்களில் ஒருவர் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்தார். மூடியை முடுக்கினால் இன்சர்ட் உருவிக்கொண்டு மேலே வந்துவிடுகிறது, ஆறு மாதமாகத் தலைவலி, எதனால் என்று தெரியவில்லை என்றார்.

கர்சன்பாய் பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக, இப்படி ஒரு கேள்விக்கு அவருக்கு உண்மையிலேயே பதில் தெரிந்திருந்தது. கிழிந்த பலகையிடமிருந்து கற்றது. சம்பந்தியின் வால் எலும்பிலிருந்து கற்றது.

"மூடியில ஓட்டை பெரிசா போட்டிருக்கீங்க," என்றார். "ஆணி இழுக்குது, இன்சர்ட்டைத் தடுத்து நிறுத்த மேல ஒண்ணுமில்ல, அது பாட்டுக்கு வந்துருது. ஓட்டையைச் சின்னதாக்குங்க. மூடியே இன்சர்ட்டு தலையில உட்காரணும். இல்லைன்னா காலர் வச்சு மறுபக்கத்திலேருந்து போடுங்க. இழுக்க இழுக்க இறுகும்."

கோயம்புத்தூர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறு மாதத் தலைவலி அரை நிமிடத்தில் தீர்ந்தது. "எப்படிங்க பார்த்ததும் சொன்னீங்க?" என்று கேட்டார் அவர்களில் மூத்தவர்.

இதோ, இன்னொரு கதவு. "என் சம்பந்தியைக் கீழே தள்ளித்தான் கத்துக்கிட்டேன்" என்று சொல்லியிருந்தால் கோயம்புத்தூர் சிரித்திருக்கும், ஷெட் சிரித்திருக்கும், டெம்போ கிளம்பியிருக்கும், மோர்பிப் பயணம் நின்றிருக்கும்.

"முப்பத்தோரு வருஷ அனுபவம்," என்றார் கர்சன்பாய்.

ரமணிக்பாய் அவர் முதுகில் தட்டினார். ஆர்டர் அங்கேயே முடிந்தது. இனிப்புப் பெட்டி வரவழைத்து எல்லோருக்கும் கொடுத்து, ஒரு முழுப் பெட்டியைக் கர்சன்பாய் கையில் திணித்தார். விருந்தினர்கள் போனபிறகு ஒருவன் கேட்டான், "ஊஞ்சல் விஷயம்னு ஏதோ சொல்ல வந்தீங்களே காகா?"

"மிஷினைப் போடு. நேரமாச்சு."

வீட்டில் ஜாக்ருதி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அப்பா கையில் இனிப்புப் பெட்டியைப் பார்த்தாள். எந்தப் பெண்ணுக்கும் ஒரே அர்த்தம்தான் தோன்றும். உள்ளே ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"சொல்லிட்டீங்களா பப்பா?"

கர்சன்பாய் பெட்டியைத் திறந்து, ஒரு துண்டு எடுத்து, "முதல்ல சாப்பிடு பேட்டா," என்றார்.

அவள் சாப்பிட்டாள். மறுநாள் ஞாயிறு, ஷெட் விடுமுறை. திங்கள் முழுக்கத் தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்தாள். செவ்வாய் ராம நவமி. த்ரோலிலிருந்து ஒரு கார் மோர்பிக்குப் போனது. அட்சய திருதியையன்று பராக்கின் கல்யாணம். தாமஜிபாய் பத்திரிகை அனுப்பியிருந்தார், மரியாதை தெரிந்த மனிதர்.

இனிப்பை ஊட்டியதைத்தான் ரசீலாபெனால் மன்னிக்க முடியவில்லை. மற்றதெல்லாம் ஆம்பளைங்களோட வீம்பு, அது எல்லா வீட்டிலும் இருக்கிறது என்கிறார். "வாயில அதை வச்சாரே, அதுதான்."

ஜாக்ருதி இப்போது ராஜ்கோட்டில் ஒரு மருந்துக் கம்பெனிக் கிடங்கில் வேலை பார்க்கிறாள். பண்டிகைக்கு வருவாள். அப்பாவோடு பேசுகிறாள், சண்டை எதுவும் இல்லை. உப்பு கேட்கிற மாதிரி பேசுகிறாள். சமீபத்தில் ஒரு வரன் வந்தது. பையன் நல்லவன், அப்பாவும் ஒல்லி. பார்க்கலாம் என்றாள், பிறகு பார்க்கவில்லை.

கர்சன்பாயிடம் நான் நேராகவே கேட்டேன். வேண்டுமென்றே செய்தீர்களா என்று கேட்கவில்லை, அது எனக்குத் தெரியும். சனிக்கிழமை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். புகையிலை மாவாவைக் கையில் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"சொல்லத்தான் போனேன். மிஷினை நிறுத்தினவன் நான்தானே? ஆனா அவங்க கேட்டப்போ பதில் தெரிஞ்சுது பாய். உங்களுக்குப் புரியாது. மத்த நாளெல்லாம் தெரியாமலே சொல்லியிருக்கேன். அன்னைக்கு நிஜமாவே தெரிஞ்சுது. அந்த ஒரு நிமிஷம் நான் எல்லாரும் நினைக்கிற கர்சனாவே இருந்தேன். அதை எப்படி விடறது?" மாவாவை வாயில் போட்டுக்கொண்டார். "விட்டிருக்கணும்."

இப்போது அந்த வீட்டில் ஊஞ்சல் தொங்குகிறது. ரசீலாபென் ஜீவராஜை நேரில் போய் அழைத்துவந்தார். ஜீவராஜ் அதே பலகையில் கிழிந்த இடத்தை அடைத்து, புதுத் துளை போட்டு, காலர் வைத்த இன்சர்ட்டை அடியிலிருந்து பதித்துக் கொடுத்தார். சாமான்களுக்கு ஆன செலவை ரசீலாபென் கொடுத்தார், வாங்கிக்கொண்டார். கூலி எவ்வளவு என்று கர்சன்பாய் கேட்டார்.

"கூலி ரொக்கமா வேண்டாம்," என்றார் ஜீவராஜ், கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டே. "ஷெட்டுல போய், மரம் நல்ல மரம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கர்சன்பாய்க்கு நான் எடுத்துக் கொடுத்த மரமே கிழிஞ்சுதாம்னு சொல்லி, நாலு பேரு என்கிட்ட பலகை எடுக்கறதை நிறுத்திட்டாங்க. தப்பு யாருதுன்னு நீங்க சொல்ல வேண்டாம். மரம் நல்ல மரம். அவ்வளவு போதும்."

"நாளைக்கே சொல்றேன்," என்றார் கர்சன்பாய்.

இரண்டு தீபாவளி போயிற்று. போன வாரம் ஜீவராஜின் பட்டறைக்குப் போயிருந்தபோது கேட்டேன். கூலி இன்னும் வரவில்லை என்றார். கர்சன்பாய் இப்போதெல்லாம் ஷெட்டுக்குப் பெரிய தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார். கால் வலிக்கு நடை நல்லதென்று வைத்தியர் சொன்னாராம்.